ஆஸ்டின் ஏழும் எளியவர் பந்தயமும்

நம் குடும்பங்கள் சிலவற்றில் பழைய மோட்டார் வண்டியொன்று கொட்டகையில் நிற்பது புதுமையன்று. தகப்பனார் ஆசையோடு வாங்கியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றது. கலியாண வீடுகளுக்கும் திருவிழாக்களுக்கும் குடும்பத்தைச் சுமந்து சென்றது. இன்று அதனை விற்க மனம் வருவதில்லை, ஓட்டவும் பயன்படுவதில்லை. இந்நிலையில் வீட்டு வாலிபனொருவன் அதன்மேற் கண்வைத்து, “இதனைச் செப்பனிட்டுப் பந்தயக்களத்தில் ஓட்டுவேன்” என்பானாயின், வீடு கலங்குகிறது. தாயார் உயிருக்கு அஞ்சுகிறார், தகப்பனார் பொருளுக்கு அஞ்சுகிறார், அயலார் நகைக்கின்றனர்.

அத்தகைய தகப்பனாரொருவர் சின்னாட்களுக்கு முன் நம்மிடம் வந்து, “மோட்டார்ப் பந்தயம் கோடீசுவரர்களின் விளையாட்டல்லவா? பழைய குடும்ப வண்டியை வைத்துக்கொண்டு என் மகன் அங்கே என்ன செய்யப் போகிறான்? இது பித்தா, புத்தியா?” என்று வினவினார். நாம் உடனே விடை கூறவில்லை. இவ்வினாவுக்கு விடை நம் அபிப்பிராயத்தில் இல்லை, சரித்திரத்தில் இருக்கிறது. எளியவர்கள் பழைய வண்டிகளோடு பந்தயக்களத்தில் நுழைந்த வரலாறு இங்கிலாந்து தேசத்தில் விளங்க நடந்தேறியிருக்கிறது. அதனை நேயர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டி பிறந்த வரலாறு

ஹெர்பர்ட் ஆஸ்டின் என்பார் 1866-ம் ஆண்டிற் பிறந்தவர். இளமையில் ஆஸ்திரேலியா சென்று இயந்திரத் தொழில் பயின்று மீண்டவர். 1905-ம் ஆண்டில் பர்மிங்ஹாம் நகரையடுத்த லாங்பிரிட்ஜ் என்னுமிடத்தில் தம் பெயராலேயே மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். முதல் உலக யுத்தம் முடிந்தபின் அத்தொழிற்சாலை பெருங்கடனில் ஆழ்ந்தது. 1921-ம் ஆண்டில் கடன்காரர்கள் சார்பில் நியமிக்கப்பட்டவர்களின் மேற்பார்வையில் நடக்கும் நிலையையும் அடைந்தது. பெரிய வண்டிகளை வாங்குவோர் குறைந்தனர். அவ்வாண்டு முதல் வண்டியின் குதிரைச் சக்திக் கணக்கொன்றுக்கு ஒரு பவுன் வீதம் ஆண்டு வரியும் விதிக்கப்பட்டமையால், சிறிய இயந்திரமுள்ள வண்டிக்கே எதிர்காலம் உண்டென்பது விளங்கிற்று.

அக்காலத்துத் தொழிலாளியும் குமாஸ்தாவும் குடும்பத்தோடு வெளியிற் செல்ல விரும்பினால், மோட்டார் சைக்கிளும் அதன் பக்கத்தில் இணைத்த சிறு தொட்டியுமே கதி. மழையிலும் குளிரிலும் மனைவி மக்கள் நனைந்து செல்ல வேண்டும். அக்குடும்பத்தார்க்குக் கூரையுள்ள உண்மையான மோட்டார் வண்டியொன்று, அதே அளவு இடத்தில் நிற்கக்கூடியதாக, அவர்கள் கைக்கெட்டும் விலையில் வேண்டுமென்று ஆஸ்டின் கருதினார். அவருடைய கம்பெனி நிர்வாகிகள் இதனை ஒப்பவில்லை. அவர் சோர்ந்தாரில்லை. பதினெட்டு வயது நிரம்பிய ஸ்டான்லி எட்ஜ் என்னும் வரைபடக்கார இளைஞனைத் தம் வீட்டிற்கே வரவழைத்து, பில்லியர்ட்ஸ் விளையாடும் அறையில் இருத்தி, அவனோடு கூடிச் சிறு வண்டியின் படங்களை வரைவித்தார். 1922-ம் ஆண்டில் அவ்வண்டி வெளியாயிற்று. ஆஸ்டின் ஏழு என்பது அதன் பெயர். பதினெட்டு வயதுப் பிள்ளையொருவன் கைபட்ட அவ்வண்டி 1939-ம் ஆண்டு வரையில் ஏறக்குறைய 2,90,000 எண்ணிக்கையிற் செய்யப்பட்டது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றுச் செய்தார்கள். இன்று உலகறிந்த பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் 1928-ம் ஆண்டில் மோட்டார் வண்டித் தொழிலிற் புகுந்ததும், இவ்வண்டியை டிக்ஸி என்ற பெயரில் செய்துவந்த தொழிற்சாலையை வாங்கியதனால்தான்.

வண்டியின் அமைப்பு

இவ்வண்டியின் அமைப்பைச் சற்று விரித்துரைப்பது அவசியம்; பின் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் அதுவே காரணமாகலின். நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் துளையும் 56 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 76.2 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 747 கன சென்டிமீட்டர். ஏறத்தாழப் பத்துக் குதிரைச் சக்தியே அது தரும். வண்டியின் எடை சுமார் 360 கிலோகிராம். முன்னும் பின்னுமுள்ள அச்சுகளுக்கு இடையே ஆறடி மூன்றங்குல நீளம். ஆங்கில எழுத்தின் முதலெழுத்தைப் போன்று முன்புறம் குறுகிப் பின்புறம் விரிந்த எஃகுச் சட்டம். முன்னச்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை வில்; பின்னச்சுக்கு இருபுறமும் கால்வட்ட வில்கள். நீரைச் சுற்றியனுப்பத் தனிப் பம்பு இல்லை; சூடேறிய நீர் தானே மேலெழுந்து செல்வதே குளிர்விக்கும் முறை.

இதன் சிறப்பு எளிமை. இரண்டு பேர் கூடினால் இயந்திரத்தை வண்டியினின்றும் தூக்கி வெளியே வைத்துவிடலாம். சமையலறை மேசைமேற் பரப்பிப் பிரித்து மீண்டும் கூட்டலாம். உதிரி உறுப்புகள் மலிவு.

குறைகளும் உண்டு. கிராங்க் தண்டைத் தாங்க முன்னும் பின்னுமாக இரண்டே தாங்கிகள், நடுவே ஒன்றுமில்லை. வேகம் மிகுந்தால் அத்தண்டு நாணற்கோல் போல் வளையும். அளவு கடந்தால் ஒடியும். 1936-ம் ஆண்டிற்குப் பிறகே நடுவில் மூன்றாவது தாங்கி வைத்தார்கள். பிரேக்குகள் கம்பியால் இழுக்கப்படுவன. 1930-ம் ஆண்டு வரையில் முன்சக்கரங்களுக்குக் கைப்பிடியும் பின்சக்கரங்களுக்குக் கால்மிதியும் தனித்தனியே இருந்தன. இவ்வண்டியை வேகமாக ஓட்டக் கற்பது எளிது. வேகமாக ஓட்டியபின் நிறுத்தக் கற்பதே அரிது.

யுத்தத்திற்கு முந்திய பந்தயங்கள்

சிறிய வண்டியேயாயினும் பந்தயக்களம் அதற்கு அந்நியமாயிருக்கவில்லை. 1923-ம் ஆண்டிலேயே ஆஸ்டினுடைய மருமகனார் ஆர்தர் வெய்ட் என்பவர் இத்தாலியிலுள்ள மான்ஸா களத்தில் சிறு வண்டிகளுக்கான பந்தயத்தில் வென்றார். 1930-ம் ஆண்டளவில் ‘அல்ஸ்டர்’ என்ற பெயருடன் பந்தயத்துக்கேற்ற தாழ்ந்த உருவத்தில் இவ்வண்டி விற்கப்பட்டது. 1936-ம் ஆண்டில் மர்ரே ஜேமிஸன் என்னும் பொறிவல்லார் கம்பெனிக்காகச் செய்த பந்தய வண்டி அக்காலத்தார் வியக்கும் வேலைப்பாடுடையது.

எனினும் இவை கம்பெனியாரின் வெற்றிகள். சாதாரண மனிதனுக்கு வழி திறந்ததாகச் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் பொதுச் சாலைகளிற் பந்தயம் ஓட்டுவதைச் சட்டம் தடுத்தது. ஆகவே 1907-ம் ஆண்டில் புரூக்லண்ட்ஸ் என்னுமிடத்தில் சிமெண்டினால் சரிவான பெருவட்டக் களமொன்று அமைத்தார்கள். அங்குக் கூடியவர்களிற் பெரும்பாலோர் பொருளும் ஓய்வும் படைத்தவர்கள். 1939-ம் ஆண்டில் யுத்தம் மூண்டதும் அக்களமும் மூடப்பட்டு, விமானத் தொழிலுக்கு உரியதாயிற்று.

சங்கம் கூடிற்று

அதே 1939-ம் ஆண்டில்தான் சிறியதொரு காரியம் நடந்தது. மோட்டார்ப் பந்தயப் பத்திரிகையொன்றின் ஆசிரியராயிருந்த பில் பாடி என்பவரின் முயற்சியால், ஆஸ்டின் ஏழு வைத்திருப்போர் சிலர் கூடிச் சங்கம் ஒன்றை நிறுவினர். இயந்திரத்தின் கொள்ளளவை யொட்டி ‘750 கிளப்’ என்று பெயரிட்டனர். அக்காலத்தில் ஆஸ்டின் ஏழு பழைய வண்டியாகிவிட்டது; செல்வந்தர் அதனைக் கண்டு நகைப்பார்கள். நகைக்கப்பட்ட பொருளை உடையவர்கள் ஒன்றுகூடித் தமக்குத் தெரிந்ததை ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொடுப்பதே சங்கத்தின் முதல் வேலையாயிருந்தது. ஒருவன் கிராங்க் தண்டு ஒடிந்த காரணத்தைக் கண்டறிந்தால், நூறு பேருடைய தண்டு பிழைத்தது. சங்கம் என்பதன் பயன் இதுவேயன்றோ!

யுத்தம் 1945-ம் ஆண்டில் முடிந்தது. நாட்டில் எல்லாம் பங்கீடு. பெட்ரோலும் பங்கீடு, 1947-ம் ஆண்டின் இறுதியிற் சில மாதங்கள் சொந்த வண்டிக்காரர்க்குரிய பங்கும் நிறுத்தப்பட்டது, 1950-ம் ஆண்டு மே மாதத்திற்றான் அப்பங்கீடு ஒழிந்தது. புதிய வண்டிகளிற் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே சென்றது. ஆகவே பந்தயம் ஓட்ட விரும்பிய இளைஞர்க்குக் கிடைத்தது ஒன்றே: பதினைந்து, இருபது ஆண்டுகள் பழையதாகிய குடும்ப வண்டி.

களம் எங்கிருந்து வந்தது? அதையும் யுத்தமே கொடுத்தது. யுத்த காலத்தில் இங்கிலாந்தெங்கும் விமானத் தளங்கள் அமைக்கப்பட்டிருந்தன. சமாதானம் வந்தபின் அவை வெறுமையாய்க் கிடந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி, விமானங்கள் நகர்வதற்காக இட்ட அகன்ற பாதை இருந்தது. அப்பாதைகளே பந்தயக் களங்களாயின. 1948-ம் ஆண்டில் குட்வுட் களமும் சில்வர்ஸ்டன் களமும் இவ்வாறு திறந்தன. குண்டு சுமந்த விமானங்கள் எழும்பிய தரையில் குடும்ப வண்டிகள் ஓடலாயின.

விதியின் சிறப்பு

1949-ம் ஆண்டில் 750 சங்கத்தார் ‘750 பார்முலா’ என்னும் பந்தய விதியை வகுத்தனர். கால்நடை வைத்தியராகிய ஹாலண்ட் பர்கெட் என்பவர் அக்காலத்தில் அச்சங்கத்தின் தூணாக விளங்கினார். விதியின் கருத்து யாதெனின், ஆஸ்டின் ஏழின் சட்டமும் இயந்திரமும் அடிப்படையாயிருக்க வேண்டும். அவற்றின்மேல் அவரவர் தம் கையால் வண்டியை அமைத்துக்கொள்ளலாம். பணம் மிகுந்தவன் பணத்தினாலேயே வென்றுவிடாதபடி மாற்றங்களுக்கு எல்லை இருக்க வேண்டும் என்பதாம்.

நேயர்கள் இதனை ஊன்றி நோக்கவேண்டும். விதியில்லாத பந்தயம் பணப்பையின் பந்தயம். விதியுள்ள பந்தயமே கைத்திறனின் பந்தயம். எளியவனுக்கு விதி கட்டன்று, காவல்.

இளைஞர்கள் செய்தது

இவ்விளைஞர்கள் பழைய வண்டியைப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்த முறையைக் கூறுவோம். இன்று எந்தப் பழைய வண்டியை எடுத்துக்கொண்டாலும் முறை பெரும்பாலும் இதுவே.

முதலாவது, எடையைக் குறைத்தல். கனமான மேற்கூட்டை அகற்றி, மெல்லிய அலுமினியத் தகட்டாலோ ஒட்டுப்பலகையாலோ இருக்கையளவுக்கு உடல் அமைத்தனர். இயந்திரத்தின் சக்தியைக் கூட்டப் பொருள் வேண்டும். எடையைக் குறைக்க அரமும் பொறுமையும் போதும். எடை குறைந்த வண்டி விரைந்து கிளம்பும், விரைந்து நிற்கும், வளைவிலும் எளிதில் திரும்பும். ஒரு வேலைக்கு மூன்று பயன்.

இரண்டாவது, வண்டியைத் தாழ்த்துதல். வில்களை நேராக்கிச் சட்டத்தை நிலத்துக்கு அருகிற் கொணர்ந்தனர். குடும்ப வண்டி மேடுபள்ளச் சாலைக்காக உயர்ந்து நிற்பது. வளைவில் வேகமாகச் சென்றாற் சாய்ந்து கவிழும். கனத்தின் நடுவிடம் தாழ்ந்தால் அவ்வபாயம் குறையும். லெஸ்லி பல்லமி என்பார் முன்னச்சை நடுவில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியும் தனித்தனியே அசையுமாறு செய்த முறையும் பலராற் கைக்கொள்ளப்பட்டது.

மூன்றாவது, பிரேக்கும் ஸ்டீயரிங்கும். தேய்ந்த ஊசிகளை மாற்றிக் கம்பிகளின் தளர்ச்சியை நீக்கினர். அறிவுடையோர் இதனை இயந்திரத்துக்கு முன்பே செய்தனர். அறிவிலார் முதலில் இயந்திரத்தைத் தொட்டு, முதல் வளைவிலேயே வைக்கோற்போருக்குள் புகுந்தனர்.

நான்காவதாகவே இயந்திரம். சிலிண்டர் தலையின் அடிப்புறத்தைச் சீவி, ஆவி மிகுதியும் அமுங்குமாறு செய்தனர், வால்வுகளைப் பெரிதாக்கினர், வால்வு வில்களை வலுப்படுத்தினர், பெரிய கார்புரேட்டர் வைத்தனர், பறக்குஞ் சக்கரத்தைக் கடைந்து எடை குறைத்தனர். பத்துக் குதிரைச் சக்தி மும்மடங்காயிற்று. ஆனால் இரண்டு தாங்கிக் கிராங்க் தண்டு எஜமானனை எச்சரித்துக்கொண்டேயிருந்தது. அதன் ஒலியைக் கேட்கக் கற்றவன் பந்தயத்தை முடித்தான். கேளாதவன் ஒடிந்த தண்டைப் பையிற்கொண்டு வீடு திரும்பினான்.

இவர்களிற் பலர் பந்தய வண்டியையே சாலையில் ஓட்டிக் களத்திற்குச் சென்று, பந்தயம் முடித்து, அதிலேயே வீடு திரும்பினர். வண்டி உடைந்தால் திங்கட்கிழமை வேலைக்குச் செல்ல வழியில்லை. ஆதலின் வெற்றியைவிட வண்டியைக் காப்பதே முதற்கடமையென்று உணர்ந்து ஓட்டினர்.

தகட்டுத் துண்டு ஒன்றின் வழக்கு

இவ்வரலாற்றில் நாம் நெடிது சிந்தித்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. காலின் சாப்மன் என்பவர் 1928-ம் ஆண்டிற் பிறந்தவர்; லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் பொறியியல் பயின்றவர். மாணவராயிருக்கையிலேயே நண்பரோடு பழைய வண்டிகளை வாங்கி விற்றார். 1947-ம் ஆண்டில் பெட்ரோற் பங்கு நிறுத்தப்பட்டதும் அவ்வியாபாரம் வீழ்ந்தது. விற்கமுடியாமல் நின்ற பழைய ஆஸ்டின் ஏழு ஒன்று கையில் மிஞ்சிற்று. பின்னர் அவருக்கு மனைவியாக வாய்த்த ஹேஸல் என்னும் பெண்மணியின் தகப்பனார் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் அதனைப் பிரித்து, 1948-ம் ஆண்டில் புது வண்டியாக்கினார். அதுவே முதல் லோட்டஸ். நட்டத்தில் மிஞ்சிய பழைய வண்டியொன்றிலிருந்து உலகப் புகழ்பெற்ற தொழில் பிறந்தது!

1951-ம் ஆண்டில் சாப்மன் 750 பார்முலாவுக்கென்றே மூன்றாவது லோட்டஸைச் செய்தார். ஆஸ்டின் ஏழின் இயந்திரத்தில் நான்கு சிலிண்டர்களுக்கும் ஆவி புகும் வாயில்கள் இரண்டே. இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரு வாயிலைப் பகிர்ந்துகொள்ளும். ஒரு வீட்டு வாயிலில் இரு குடும்பத்தார் ஒரே வேளையில் நுழைய முயல்வதுபோல, ஒரு சிலிண்டர் இழுக்க வேண்டிய ஆவியை மற்றது பறிக்கும். சாப்மன் வாயிலின் நடுவே தடுப்பொன்றைப் புகுத்தினார். இரண்டு வாயில்கள் நான்காயின. விதியில் இதற்குத் தடை எழுதப்பட்டிருக்கவில்லை. அவ்வாண்டுப் பந்தயங்களில் அவ்வண்டிக்கு நிகர் இல்லாதுபோயிற்று. பின்னர் சங்கத்தார் விதியைத் திருத்தி அவ்வுபாயத்தைத் தடுத்துவிட்டனர்.

இது நியாயமா? ஒரு சாரார் கூறுவது: இவ்விளைஞன் பணத்தைக் கொட்டவில்லை, மூளையைச் செலவிட்டான், சிறு தடுப்பொன்றுக்குச் செலவு என்ன? எளியவனின் அறிவுக்கு இடங்கொடுக்கப் பிறந்த சங்கம், அவ்வறிவையே தண்டிக்கலாமா? மற்றொரு சாரார் கூறுவது: அவனுக்குப் பின் வருவோரனைவரும் அதனைச் செய்தே தீரவேண்டும், அதற்கேற்ற கார்புரேட்டர், அதற்கேற்ற குழாய் என்று செலவு வளரும், கைத்திறன் சிறிதேயுள்ள குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியனும் களத்தைவிட்டு விலகுவார்கள்.

இரு சாராரின் கூற்றிலும் உண்மை உண்டு. நாம் நெடிது ஆராய்ந்து சங்கத்தார் பக்கமே நிற்கின்றோம். ஒருவன் முன்னேறுவதற்காகச் சங்கம் இல்லை. பலர் நிலைத்து நிற்பதற்காகவே இருக்கிறது. அதே சமயத்தில் அறிவாளியை அது பகைத்துக்கொள்ளவும் கூடாது. விதி இல்லாதபோது செய்ததைக் குற்றமென்னாமல், இனிமேற் கூடாதென்று எழுதுவதே முறை. சாப்மனும் அவ்வாயிலிலேயே நின்று சண்டையிட்டுக் காலங்கழிக்கவில்லை. 1952-ம் ஆண்டில் லோட்டஸ் கம்பெனியை நிறுவி, போர்டு இயந்திரத்துக்கேற்ற ஆறாவது வண்டியை மற்றவர்கள் தாமே கூட்டிக்கொள்ளத்தக்க உறுப்புகளாக விற்கலானார். 1963-ம் ஆண்டில் லோட்டஸ் பார்முலா ஒன்றின் உலகப் பட்டத்தை வென்றது. மொத்தம் ஏழு முறை வென்றது. சங்கம் தன் விதியைக் காத்தது. சாப்மன் தன் வழியைக் கண்டார். இருவரும் தோற்கவில்லை.

நியூஸிலாந்துச் சிறுவன்

இதே வண்டி பூமியின் மறுபுறத்திலும் ஒரு பிள்ளையை வளர்த்தது. புரூஸ் மக்லாரன் 1937-ம் ஆண்டில் நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரிற் பிறந்தார். தகப்பனார் மோட்டார் வண்டி பழுதுபார்க்கும் கடையும் பெட்ரோல் நிலையமும் நடத்தியவர். பிள்ளைக்கு இளமையில் இடுப்பெலும்பில் நோய் வந்து நெடுங்காலம் படுக்கையிற் கிடந்தான். தகப்பனார் பழைய ஆஸ்டின் ஏழு அல்ஸ்டர் வண்டியொன்றை உருக்குலைந்த நிலையில் வாங்கினார். தந்தையும் மகனும் கூடி அதனைச் செப்பனிட்டனர். பதினைந்து வயதளவில் அச்சிறுவன் அவ்வண்டியில் மூரிவாய் என்னுமிடத்து மலையேற்றப் போட்டியில் ஓட்டினான். 1959-ம் ஆண்டில், இருபத்திரண்டாம் வயதில், அமெரிக்காவில் நடந்த கிராண்ட் பிரியில் வென்றான். 1963-ம் ஆண்டில் அவர் நிறுவிய பந்தயக்குழு இன்றும் அவர் பெயரைத் தாங்கி ஓடுகிறது.

மறைக்கத்தகாத மற்றொரு பக்கமும் உண்டு. 1970-ம் ஆண்டு ஜூன் மாதம் 2-ம் தேதி, குட்வுட் களத்தில் புதிய வண்டியொன்றைச் சோதித்துக்கொண்டிருக்கையில், முப்பத்திரண்டு வயதில் மக்லாரன் உயிர்நீத்தார். 1955-ம் ஆண்டு ஜூனில் பிரான்சிலுள்ள லெ மான் பந்தயத்தில் வண்டியொன்று சிதறிப் பார்வையாளர் கூட்டத்திற் பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தாய்மார்களின் அச்சம் மூடத்தனமன்று. அவ்வச்சத்தை மதித்தே பந்தயக்களத்தின் வேலிகளும் தலைக்கவசங்களும் இருக்கைப் பட்டைகளும் தீயணைப்பு ஏற்பாடுகளும் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு விதியின் பின்னாலும் யாரோ ஒருவர் வீட்டுத் துயரம் இருக்கிறது.

சங்கம் நிலைத்தது

1951-ம் ஆண்டில் அச்சங்கத்தார் சில்வர்ஸ்டனில் ஆறு மணி நேரத் தொடர்ப் பந்தயத்தைத் தொடங்கினர். பல வண்டிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒன்று ஓய்ந்ததும் அடுத்தது ஓடவேண்டும். வேகம் குறைந்த வண்டிக்கு முன்சலுகை உண்டு. அப்பந்தயம் இன்று பர்கெட் பெயரால் வழங்குகிறது. 1953-ம் ஆண்டில் போர்டு கம்பெனியின் 1172 கன சென்டிமீட்டர் இயந்திரத்துக்கு மற்றொரு விதி வகுத்தனர். அவ்விதிப்படி வண்டி செய்து பழகிய எரிக் பிராட்லி 1958-ம் ஆண்டில் லோலா கம்பெனியைத் தொடங்கினார். ஆஸ்டின் ஏழின் உறுப்புகள் அரிதானபோது விதியை மாற்றி ரிலையன்ட் இயந்திரத்தை அனுமதித்தனர். பின்னர் பியட் இயந்திரத்தை அனுமதித்தனர். வண்டி மாறிற்று, கருத்து மாறவில்லை. 750 பார்முலா இன்றும் ஓடுகிறது.

நம் நாட்டில்

இவ்வரலாறு நமக்கு அயலதன்று. சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்திலும் யுத்தகால விமானத் தளமொன்று இருந்தது. 1953-ம் ஆண்டில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றிற்று; சோழவரத்து ஓடுபாதை அவர்களுடைய பந்தயக் களமாயிற்று. நம் பெற்றோர் தெருக்களிற் கண்ட பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாஸிடர் வண்டிகளே அங்குச் செப்பனிடப்பட்டுச் சீறின. பின்னர் ஸ்ரீபெரும்பூதூரை யடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான களம் அமைந்தது. கோயமுத்தூர் சுந்தரம் கரிவரதன், வீட்டுக்கு வீடு நின்ற மாருதி 800 வண்டியின் இயந்திரத்தைக்கொண்டு ஓரிருக்கைப் பந்தய வண்டி அமைத்து, பார்முலா மாருதி என்னும் எளிய பந்தயத்துக்கு வழிகோலினார். அதிற் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-ம் ஆண்டில் பார்முலா ஒன்றில் ஓடிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995-ம் ஆண்டில் விமான விபத்தொன்றில் மறைந்தார். கோவைக்கருகே செட்டிப்பாளையத்திலுள்ள களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. குடும்ப வண்டியின் இயந்திரம் எளியவனுக்கு ஏணியாகும் என்ற உண்மை இரு நாடுகளிலும் ஒன்றேயாயிற்று.

நம் விடை

இனி, நம்மை வினவிய தகப்பனாருக்கு விடை கூறுவோம். ஐயா, தங்கள் மகனுடைய ஆசை பித்தன்று; ஆனால் அது புத்தியாவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவன் பொதுச் சாலையிற் பந்தயம் ஓட்டுவானாயின், சாவியைப் பறித்து வையுங்கள். அது வீரமன்று, அயலார் பிள்ளைகளின் உயிரோடு விளையாடும் பாவம். களத்திற்குச் செல்வதாயின், முதலில் பிரேக்கைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஸ்டீயரிங்கைக் காட்டச் சொல்லுங்கள். இயந்திரத்தின் பெருமையை இறுதியிற் கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற சங்கத்திற் சேர்ந்து, அதன் விதியைப் படித்து, உரிமைச் சீட்டும் பாதுகாப்பு உடையும் பெறட்டும். தலைக்கவசத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கடன் வாங்கி ஓட்ட வேண்டாம். கையில் உள்ள பொருளுக்குள் முடிந்ததைச் செய்யட்டும். வண்டியை அவனே பிரிக்கட்டும், அவனே கூட்டட்டும். இயலுமாயின் நீங்களும் ஒரு மாலைப்பொழுது கொட்டகைக்குச் சென்று விளக்கைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். ஆக்லாந்து நகரத்துத் தகப்பனார் செய்தது அதுவே.

வெற்றி பெறுவானா என்று கேட்பீராயின், பெரும்பாலும் பெறமாட்டான். 750 சங்கத்தில் ஓட்டியவர்களிற் பல்லாயிரவர் பரிசு ஒன்றும் பெறாமலே திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினார்கள். ஆயினும், இரும்பு எங்கே ஒடியும், தன் மனம் எங்கே அவசரப்படும் என்ற இரண்டையும் அவர்கள் அறிந்து திரும்பினார்கள். அவ்வறிவு எந்தத் தொழிலிலும் வாழ்நாள் முழுதும் துணை நிற்கும். கொட்டகையில் துருப்பிடித்து நிற்கும் வண்டி அவ்வறிவைத் தருமாயின், தகப்பனார் அதனை வாங்கிய பணம் வீண்போகவில்லை என்பதே நம் துணிபு.